மைக்செட்டண்ணனின் காது

சிலாங்கூர் ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து ராசா என்ற ஊர் வரைக்கும், எண்பதுகளில், மைக்செட்டண்ணன் அனுமதி கொடுக்காமல் எந்தத் தோட்டத்துச் சாமியும் கண்ணயர்ந்ததில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் குடியிருக்காத பாக்கியசாலிகள். தென்னைமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி அவர் ஒரு பக்திப் பாட்டைப் போட்டால், ஆற்றுக்கு அக்கரையில், கம்பம் எனும் கிராமத்து மலாய்க்காரப் பெண்கள் கொடியில் காயும் துணியை அவசரமாக உள்ளே எடுத்துப் போவார்கள். இடி இடிக்கிறதாம், மழை வருமாம்.

அதே மனிதர் பிற்பாடு ஒரு பெட்டைக் கோழியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "மெதுவா நடம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சியதையும் இதே கண்ணால் பார்த்தேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில், ஐ.சி.யில், இருந்தது. யாரும் அதை எடுத்துப் படித்ததில்லை. புக்கிட் பெலிம்பிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பகலில் பழம் வெட்டுவார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் அரிவாளை வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரைத் தூக்குவார். வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் ஆம்ப்ளிஃபையர் படுத்திருக்கும், மேலே ஒரு பட்டுத் துண்டு போர்த்தியபடி. அண்ணனும் பார்வதி அக்காவும் கீழே பாயில்.

லயத்து வரிசையில் அவருடையது கடைசி, பத்தாவது வீடு. நான் பக்கத்து வீடு. பக்கத்து வீடு என்றால் என்ன என்று லயத்தில் வாழாதவர்களுக்குச் சொல்லவேண்டும். பத்துக் குடும்பம், ஒரே நீளக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு உண்டு. ஆனால் தடுப்பு கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டிலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூன்றாவது வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்வார். காது நன்றாக இருக்கிறவனுக்கே அது சோதனை. காது கெட்டவனுக்கு என்ன ஆகும் என்று அதுவரை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

கெட்டது ஓர் ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர்தான் கோயில் தலைவர். செருமாமல் அவருக்கு ஒரு வார்த்தை வராது. பெரட்டுக் களத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு செருமல் விழும். அது சாதாரணச் செருமல் இல்லை, சரளைக்கல்லை லோரியிலிருந்து கொட்டுகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒரு குழாய் மட்டும் ஊமையாகிவிட்டது. எங்கே கம்பி விட்டிருக்கிறது என்று பார்க்க அண்ணன் ஏணி வைத்து ஏறி, குழாய்க்குள் தலையை விட்டார். கீழே மண்டோருக்குப் பொறுமை இல்லை. சத்தம் வரவில்லையே என்று வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார். மேலே அண்ணன் கம்பியை முறுக்கிச் சேர்த்தார். கீழே மண்டோர் "ஹலோ" சொல்லத் தொண்டையைத் தயார் செய்தார். இரண்டும் ஒரே நொடியில் நடந்தன.

எங்கோ தூரத்து மலைக்கோயில் குகையில் வௌவால்கூட இடம் மாறியது என்பார்கள். அண்ணன் மட்டும் பதறவில்லை. குழாயிலிருந்து தலையை உருவி, நிதானமாக ஒவ்வொரு படியாக இறங்கி, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்டார்:

"யாருடா விசிலடிக்கிறது?"

ஒருவரும் விசிலடிக்கவில்லை. ஆனால் அந்த விசில் அதற்குப் பிறகு நிற்கவும் இல்லை.

முதலில் அவர் விசிலடிப்பவனைத் தேடினார். கொசுவைச் சந்தேகப்பட்டார். கரண்டுக் கம்பியைச் சந்தேகப்பட்டார். எங்கள் அம்மா அடுப்பில் வைத்திருந்த கெண்டியை வந்து இறக்கிவைத்துவிட்டு, இன்னும் அடிக்குதே என்று அதையே முறைத்துக்கொண்டு நின்றார். "அது ஒங்க காதுக்குள்ளதான் அடிக்குது, வெளிய போயித் தேடாதீங்க" என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சொன்னபோது, தன் வீட்டுக்குள்ளேயே திருடன் குடியிருக்கிறான் என்று கேட்டவர் போல உட்கார்ந்துவிட்டார்.

விசிலோடு போயிருந்தால் சமாளித்திருப்பார். கூடவே, யாரோ உலகத்தின் வால்யூமைத் திருகிவிட்டுத் திருகியை உடைத்துப்போட்டுப் போய்விட்டார்கள். பார்வதி அக்கா தேங்காய் திருவினால் அவருக்குப் பல் கூசும். தட்டில் கரண்டி பட்டால் அடிபட்டவர் போலத் தோளைக் குறுக்குவார். செம்பனைக் குலை தரையில் விழும் சத்தம் தாங்காமல் பழம் வெட்டை விட்டுப் புல் வெட்டுக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு காதிலும் பஞ்சு. பஞ்சுக்கு மேலே துண்டு. துண்டுக்கு மேலே ஒரு கம்பளித் தொப்பி. அந்த வெயிலில். தோட்டமே மைக்செட்டை மறந்து அவரைப் 'பஞ்சண்ணன்' என்றது, அதையும் கிசுகிசுப்பாக.

லயத்தில் அமைதி பரவியது. மலேரியா மாதிரி. வீட்டுக்கு வீடு கரண்டிக்குத் துணி சுற்றினோம். அண்ணனின் மகள் மலர் தையல்காரி. கால் மிஷினின் கடகட தகப்பனுக்கு ஆகவில்லை என்று மிஷினைத் தூக்கி எங்கள் வீட்டுப் பின்வாசலில், மதில் ஓரம் வைத்துக்கொண்டாள். இரண்டாவது வீட்டுச் சேவல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அண்ணன் அதை விலைபேசி வாங்கிக் குழம்பு வைக்கச் சொன்னார். முதல் எலும்பைக் கடித்தார். அது காதுக்குள் வெடித்தது. சட்டியோடு கறியை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பழிவாங்கியது அவர், சாப்பிட்டது நாங்கள்.

பெரட்டுக் கதையை இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். விடியுமுன் ஆள் எழுப்ப, ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை, ராக்காவல் இருக்கும் ஜாகாக்காரர் சுத்தியலால் அடிப்பார். அந்தச் சத்தம் ஒன்றுதான் தோட்டத்துக்குக் கடிகாரம். ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் போய்ச் சுத்தியலுக்கும் தண்டவாளத்துக்கும் கோணிச்சாக்கைச் சுற்றி, கயிற்றால் பத்திரமாகக் கட்டிவிட்டு வந்தார். காலை இருட்டில் வந்த ஜாகாக்காரர், கயிற்றுக்கட்டைப் பார்த்து, துரையின் புது உத்தரவாக்கும் என்று நினைத்து அப்படியே அடித்தார். தொப். தொப். ஒருவரும் எழவில்லை. மண்டோரும் எழவில்லை. துரை ஜீப்பில் வந்து இறங்கியபோது பெரட்டுக் களத்தில் கம்பளித் தொப்பியோடு ஒரே ஒரு மனிதர் விறைப்பாக நின்றிருந்தார். அவருக்கு மட்டும் அந்தத் தொப் கேட்டிருக்கிறது.

"ஓராங் மானா?" என்றார் துரை, ஆட்கள் எங்கே என்று.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருந்திச்சு தொரை. நாந்தான் கொறச்சேன்" என்றார் அண்ணன், வேலையை முடித்த திருப்தியோடு.

அன்று முழுக்க மண்டோர் செருமிய செருமலில் அண்ணன் வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார்.

சிரித்தோம். சிரித்துக்கொண்டே பார்த்தால், அந்த மனிதருக்கு உட்கார இடமில்லை. உட்கார்ந்தால் விசில் கேட்கிறது, நடந்தால் செருப்புக் கேட்கிறது, செருப்பைக் கழற்றினால் சருகு கேட்கிறது. வெயிலிலும் நடந்தார், தூறலிலும் நடந்தார். வாய்க்கால் வரப்பு, பாலம், பஸ் வந்து நிற்கும் பெர்ஹெந்தி, மறுபடி வரப்பு. எனக்கும் அந்த வயதில் கால் தரையில் பாவாது. எந்த லோரியைப் பார்த்தாலும் ஏறி எங்காவது போய்விடத் தோன்றும். ஆனால் நான் ஓடிப்போக ஓர் ஊராவது இருந்தது. அவர் தன் தலையிலிருந்து அல்லவா ஓடிக்கொண்டிருந்தார். அதைத் தோளில் வைத்துக்கொண்டே எவ்வளவு தூரம் ஓடுவது?

இந்த நிலையில் மண்டோர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள்.

மண்டோரின் மகன் சேகர் தன் மோட்டார் சைக்கிளை லயத்து முனையிலேயே அணைத்து, இறங்கி, தள்ளிக்கொண்டே எங்கள் வரிசையைப் பின்பக்கமாகக் கடப்பான். அண்ணன் காதுக்கு எவ்வளவு மரியாதை என்று லயமே மெச்சியது. தள்ளிக்கொண்டு போனால்தான் மெதுவாகப் போகலாம், மெதுவாகப் போனால்தான் எங்கள் பின்வாசலில் தைக்கிற மலரைப் பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் கடைசியில்தான் விளங்கியது.

அண்ணனுக்குச் சம்மதம். மலருக்கு எப்போதோ சம்மதம். மண்டோர் ஒன்றே ஒன்று கேட்டார். "(க்க்ஹா...) எனக்கு ஒரே பையன். மேளம் கிள்ளான்லேருந்து வரணும். ரெண்டு தவுலு. தாலி கட்டுறப்ப கெட்டிமேளம் அடுத்த தோட்டத்துக்குக் கேக்கணும்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் மலர் தகப்பனிடம் பேசியது, தடுப்புக்கு மேலே, முழுசாகக் கேட்டது.

"மேளம் வேணாம்பா. ரிஜிஸ்டர் பண்ணிட்டுக் கோயில்ல மால மாத்திக்கிறோம். சேகரும் சரின்னுட்டாரு."

"ஏன், ஒங்கப்பன் செத்தா போயிட்டான்?"

"அப்படின்னா மேளம் இருக்கட்டும். தாலி கட்டுறப்ப நீங்க மட்டும் ஆஸ்பத்திரிப் பக்கமாப் போயி நின்னுக்குங்க. ஒருத்தரும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்க."

பிறகு அவருடைய குரல், மைக் இல்லாமலே ஆறு கடக்கிற அந்தப் பழைய குரல், நூலாய் இளைத்து வந்தது. "ஊரு ஒலகத்துப் புள்ளைங்க கல்யாணத்துக்கெல்லாம் கொழா கட்டுனேன்மா. என் புள்ள கழுத்துல தாலி ஏறுறப்ப நான் வரப்புல நிக்கணுமா?"

பார்வதி அக்கா மூக்கைச் சிந்தினார். "மெதுவா சிந்துடி" என்றார் அண்ணன்.

மறுவாரமே டிரசரின் சீட்டோடு கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். அங்கே ஒரு டாக்டரம்மா பஞ்சை எடுத்துப் பார்த்து, பஞ்சைத்தான் முதலில் திட்டினாராம். விசில் முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன்மேல் இருக்கிற பயம் போகும். எப்போதும் அடைத்தே வைத்தால் காது இன்னும் கூர்மையாகிக்கொண்டே போகும். மெல்லிய சத்தத்தில் தொடங்கு, தினமும் கொஞ்சம், மாதக்கணக்காகும், அவசரப்படாதே. பஞ்சு எங்கே வேண்டும் என்றால் காது பிளக்கிற இடத்தில் மட்டும், கரண்டிக்கெல்லாம் கூடாது.

அண்ணனுக்கு அது உடனே பிடிபட்டது. வரப்பில் என்னை நிறுத்திச் சொன்னார். "வெளங்குதா தம்பி? பாட்டு வரலன்னு வால்யூம ஏத்துனா என்னா வரும்? வெறும் எரைச்சல். அதான் உள்ள நடக்குது. பஞ்ச வச்சு பாட்ட நிறுத்திட்டேன், உள்ள ஒருத்தன் திருகிக்கிட்டே இருக்கான். நம்ம மண்டோரு மாதிரி."

"சரிண்ணே, இப்ப என்னா செய்யிறது?"

"மெல்லிசா ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்லா. திருகி இருக்கிற சத்தமா வேணும். கோழிக்குத் திருகி இருக்கா? மண்டோருக்கு இருக்கா?"

எனக்கு அப்போது தோட்டத்து மதகில் வேலை. ஆற்றோரத் தோட்டங்களுக்கு அதுதான் உயிர். கடல் ஏறும்போது இரும்புக் கதவை இறக்கி உப்புத்தண்ணீர் உள்ளே வராமல் அடைக்க வேண்டும். கடல் வாங்கும்போது கதவைத் தூக்கி வாய்க்கால் தண்ணீரை ஆற்றுக்கு விடவேண்டும். தூக்குவதற்கு ஒரு பல்சக்கரம், ஒரு கைப்பிடி. ஒரு பல்லுக்குத் திருப்பினால் தண்ணீர் கசிந்து முணுமுணுக்கும். இன்னொரு பல்லுக்குப் பேசும். கடைசிப் பல்லில் ஆறே எழுந்து நின்று கத்தும்.

இதை ஒரு வார்த்தையும் விடாமல் நான் அவருக்குச் சொன்னேன். அண்ணன் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"டேய்! அது திருகிடா!"

மறுநாள் கடல் வாங்கும் நேரத்துக்கு வந்துவிட்டார். தூரத்து நீப்பாப் பனைப் புதருக்குப் பின்னால் நின்று, பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையைத் தூக்கினார். "ஒரு பல்லு தொற தம்பி!"

திறந்தேன். தண்ணீர் முணுமுணுத்தது. அண்ணன் கண்ணை மூடி, இரண்டு கையாலும் வேட்டியைக் கசக்கிக்கொண்டு நின்றார். சேற்றில் நண்டுகள் வெளியே வந்து அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. கொஞ்ச நேரம் கழித்துக் கசக்கிய கை தளர்ந்தது.

"தம்பி, விசிலு தண்ணிக்குள்ள போயிடுச்சுடா."

"போயிடுச்சா?"

"போகல. முங்கிக் கெடக்கு."

அதற்குப் பிறகு அவருடைய நாட்களைக் கடல்தான் எழுதியது. கடல் காலையில் வாங்கினால் காலையில் வருவார், மத்தியானம் என்றால் மத்தியானம். புதரிலிருந்து மதகுப் பாலத்துக்கு வர ஒரு மழைக்காலம் ஆனது. ஒரு பல் இரண்டானது. பின்வாசலிலிருந்து தையல் மிஷின் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பழ லோரிக்காரன் ஒருவன் அவர் முதுகுக்குப் பின்னால் லோரியின் பின்கதவைப் படாரென்று சாத்தினான். அண்ணன் வரப்பில் விழுந்து காதைப் பொத்திக்கொண்டார். மறுபடி பஞ்சு, துண்டு, தொப்பி. மிஷின் மறுபடி எங்கள் வீட்டில். மறுபடி நடை.

ஒரு சாயங்காலம் மதகருகில் வந்து நின்றார். முகம் சுண்டியிருந்தது.

"இன்னிக்கு அரப் பல்லு தொற."

"அரப் பல்லுக்கு ஏதுண்ணே எடம்? சக்கரம் ஒத்துக்காது."

"ஒன் சக்கரத்துக்கு எரக்கமே இல்லலா" என்று புதருக்குப் பின்னால் போனார். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

லயமும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது வீட்டு அக்கா கையில் ஒரு தகரத் தட்டோடு வாசலில் வந்து, "போடவாண்ணே?" என்பார். "போடு." டணார். எல்லோரும் அண்ணன் முகத்தைப் பார்ப்போம். "பாஸ்!" என்பார் அண்ணன், கண்ணில் தண்ணீரோடு. அடுத்து நான்காவது வீடு உலக்கையோடு வரும். வேறு பொழுதுபோக்கு இல்லாத ஜனங்கள். வாடகைக்கு வீடியோ படம் எடுத்துப் பார்ப்பதைவிட இது நன்றாக இருந்தது. சிலபேர் தேறாமல் திரும்பினார்கள். மண்டோரை மட்டும் யாரும் பரீட்சைக்குக் கூப்பிடவில்லை.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். கிள்ளான் மேளம் வந்து இறங்கியது. இரண்டு தவில். அண்ணன் சட்டைப் பையில் பஞ்சு, தயாராக.

இங்கேதான் லயம் தன் புத்தியைக் காட்டியது. கடைசிப் பல்லுவரை அண்ணன் இன்னும் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பார்வதி அக்கா தவில்காரரிடம் தனியாகப் போய், "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்றார். மலர் ஆள் அனுப்பினாள். மூன்றாவது வீடு போனது. நான்காவது வீடு போனது. டிரசர் போனார். நானும் போனேன். ஒருவர் போனது மற்றவருக்குத் தெரியாது. நான் போனபோது பெரிய தவில்காரர் வெளிறிப்போய் என் கையைப் பிடித்தார். "உண்மையச் சொல்லுங்க தம்பி. பொண்ணோட அப்பா இன்னிக்குப் பொழுது தாங்குவாரா?"

முகூர்த்தம். பூசாரி தாலியைச் சேகர் கையில் கொடுத்து விரலை ஆட்டினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

சிலாங்கூர் சரித்திரத்திலேயே அப்படியொரு கெட்டிமேளம் கிடையாது. தவில்காரர்கள் தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போலத் தவிலைத் தடவினார்கள். நாதஸ்வரம் பெருமூச்சு விட்டது. மண்டபமே அசையாமல் அண்ணனைப் பார்த்தது. விசிறி சுற்றுவது கேட்டது. மலரின் வளையல் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, மணவறைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையைப் பெற்றவருக்குத் தொண்டை கமறியது.

தாலி ஏறும்போது தும்மல், இருமல், அழுகை எதுவும் பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறார்கள். மண்டோர் பாவம் அடக்கித்தான் பார்த்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் செருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியதை அந்த மண்டபத்தில் ஒரே ஒரு காதுதான் கேட்டது.

அண்ணன் துள்ளி எழுந்தார்.

"அடிங்கடா! எம்மவ கல்யாணம்டா! சோறு திங்கல? கடேசிப் பல்லுவரைக்கும் தொறந்து அடிங்கடா!"

ஆறு கடக்கிற அந்தக் குரல். ஆண்டுக்கணக்கில் நாங்கள் கேட்காத குரல். தவில்காரர்கள் பயத்திலேயே அடித்தார்கள். இரண்டு தவிலும் இடியாய் இடித்தன, நாதஸ்வரம் கூரையைத் தூக்கியது, அதற்குள் மண்டோரின் வாய் திறந்ததைப் பார்த்தோம், தோள் குலுங்கியதைப் பார்த்தோம், ஒரு சத்தமும் கேட்கவில்லை. சேகர் மூன்றாவது முடிச்சையும் போட்டு முடித்தான். அண்ணன் வேட்டியைக் கசக்கிக்கொண்டு நின்றவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டார். பஞ்சு சட்டைப் பையிலேயே இருந்தது.

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "விசிலு இன்னும் இருக்காண்ணே?"

அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார். அந்த நொறுக்கலை நிதானமாகக் கேட்டார்.

"இருக்குலா. அது பாட்டுக்கு இருக்கு. எங்க போவும்? நம்ம லயத்துல பத்து வீடு இருக்குல்ல. அத பதினோராவது வீடுன்னு வச்சுக்கிட்டேன். நீங்கள்லாம் சத்தம் போடல?"

தோட்டத்தை விட்டு நான் ஓடியது ரவாங் வரைக்கும்தான். இப்போது அதற்குப் பக்கத்தில் சுங்கை சோவில் கல்வீடு, கூரைவரை எழுந்த சுவர். பக்கத்து வீட்டுக்காரர் தும்முவாரா என்பதுகூடத் தெரியாது. அண்ணன் போய்ச் சில காலமாகிறது. போன வருஷம் என் இடது காதுக்குள் ஒரு விசில் கிளம்பியது. நான் யாரையும் சந்தேகப்படவில்லை. சமையலறைக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தண்ணி ஏங்க சும்மா ஓடுது?" என்றாள் மனைவி.

"ஒரு பல்லுதான்" என்றேன்.

விசில் பதினோராவது வீட்டில் இருக்கட்டும். பத்தாவது வீட்டில் அண்ணன் இருக்கிறார். நல்லவேளையாக அந்தத் தடுப்பு மட்டும் இன்னும் கூரைவரை போகவில்லை.